‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் அப்டேட்

வருமானச் சான்றிதழ், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம். எல்லாத்தையும் போனிலேயே படம் எடுத்து, போனிலிருந்தே மெயில் அனுப்பிவிடுகிறோம். அனுப்பியாச்சு, வேலை முடிஞ்சுது என்று போனைப் பையில் போட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த மெயில் போய்ச் சேரும் இடம் பல சமயம் இன்னொரு போன் அல்ல. ஆடிட்டர் அலுவலகத்துக் கணினி, கல்லூரி சேர்க்கைப் பிரிவின் கணினி, நீங்க வேலை கேட்டு விண்ணப்பித்த கம்பெனியின் கணினி என்று அது எதுவாகவும் இருக்கலாம். அங்கே மெயிலை உலாவியில் திறந்து பார்ப்பவர்களும் உண்டு. அவுட்லுக், தண்டர்பேர்ட் மாதிரி கணினியிலேயே நிறுவிவைத்த மின்னஞ்சல் மென்பொருளில் பார்ப்பவர்களும் உண்டு. இப்படி நிறுவிய மென்பொருள் வழக்கமாக ஒவ்வொரு மெயிலின் நகலையும் அந்தக் கணினியிலேயே சேமித்துவைக்கும். நீங்க அனுப்பிய பான் கார்டு படம் அங்கே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அந்த மென்பொருளின் மூலையில் மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப்பார்க்கும். ‘புதிய பதிப்பு தயார், மூடித் திறக்கவும்’ என்கிற ரகம். கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆயிரம் வேலை. ‘இப்போ வேண்டாம்’ என்று ஒரு தட்டு. நாளைக்கும் அதே தட்டு. நம்ம வீட்டுக் கணினியிலும் இதே கதைதான். அந்தத் தட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

அப்டேட்டில் வருவதில் ஒரு பகுதி சாதாரண வழுத்திருத்தம். வழு என்றால் மென்பொருளில் நேர்ந்துவிட்ட பிழை, பேச்சில் ‘பக்’ என்போமே, அது. தேடினால் மெயில் கிடைக்காது, தமிழ் எழுத்து உடைந்து தெரியும், இணைப்பு திறக்காது. இவை எரிச்சல்தான், ஆபத்து இல்லை. சில சமயம் மென்பொருளில் ஒரு தவறும் இருக்காது, வெளியே உலகம் மாறியிருக்கும். 2022 மே 30-ஆம் தேதியிலிருந்து, வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பழைய முறையை கூகுள் தன் ஜிமெயில் பயனர்களுக்கு நிறுத்தத் தொடங்கியது. பழைய மெயில் மென்பொருளையே வைத்திருந்தவர்களுக்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் மெயில் வரவில்லை. ‘நேத்து வரைக்கும் வந்துச்சே’ என்று கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். புதிய நுழைவு முறை தெரிந்த பதிப்புக்கு மாறியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

இன்னொரு பகுதிதான் பாதுகாப்புத் திருத்தம். இதுவும் வழுதான், ஆனால் உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய வழு.

உதாரணத்துக்கு, மெயிலில் ‘அனுப்பியவர்’ என்று தெரியும் பெயர். இணைய மெயிலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே உருவாக்கப்பட்டவை. தமிழ், சீனம், அரபி போன்ற எழுத்துகளை அந்த வரியில் குறியீடாக மாற்றி அனுப்ப 1992-இல் ஒரு தரநிலை வந்தது. உங்க பெயரைத் தமிழில் போட்டு மெயில் அனுப்ப முடிவதற்கு அதுதான் அடித்தளம். 2017 டிசம்பரில் ‘மெயில்ஸ்ப்ளாய்ட்’ என்று பெயரிட்டு ஒரு குறை வெளியானது. அந்தக் குறியீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை ஒளித்துவைத்தால், பல மென்பொருள்கள் அதுவரை மட்டும் படித்துக்காட்டி, மீதியை விழுங்கிவிட்டன. முன்பாதியில் ஒரு பெரிய பதவியின் முகவரி, பின்பாதியில் மோசடிக்காரரின் நிஜ முகவரி. வாசிப்பவர் கண்ணில் படுவது முன்பாதி மட்டும். முப்பதுக்கும் மேற்பட்ட மென்பொருள்களில் இந்தக் குறை இருந்தது. தண்டர்பேர்ட் அதே மாதமே 52.5.2 பதிப்பில் இதைச் சரிசெய்தது. ‘அனுப்பியவர் முகவரியைச் சரிபாருங்க’ என்று நாம் எல்லாருக்கும் சொல்கிறோமே, அந்த அறிவுரையே பழைய பதிப்பில் செல்லாது. நீங்க எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், காட்டுவது பொய்யாக இருந்தால் என்ன செய்வது?

இதைவிட நூதனமான ஒன்று 2018 மே மாதம் வெளியானது. பெயர் ‘இஃபெயில்’. ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் ரகசியக் கடிதங்களைப் பூட்டிப் பூட்டி அனுப்புவார்கள். நடுவில் யாராவது எடுத்தாலும் படிக்க முடியாது, பெறுபவரிடம் மட்டுமே சாவி. இந்தப் பூட்டை உடைக்காமலேயே உள்ளே இருப்பதைப் படிக்க முடியும் என்று காட்டினார்கள்.

எப்படி? மெயிலில் ‘இந்த முகவரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்து காட்டு’ என்று எழுத முடியும். விளம்பர மெயில்களில் படங்கள் வருவது அப்படித்தான். தாக்குபவர், தன் கையில் சிக்கிய பூட்டிய கடிதத்தை நடுவில் வைத்து, அதற்கு முன்னால் அந்தப் பட முகவரியை ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். கடிதத்துக்குப் பின்னால்தான் முடித்தார். பெறுபவரின் மென்பொருள் தன் சாவியால் கடிதத்தைத் திறந்தது, முன்னும் பின்னும் இருப்பதை ஒட்டியது, ‘ஓகோ, இது முழுசும் ஒரு பட முகவரி’ என்று நினைத்து, திறந்த கடிதத்தையே முகவரியாக்கி, படம் கேட்டு தாக்குபவரின் சர்வருக்கு அனுப்பிவிட்டது. கடைக்காரரிடம் சாமான் கேட்டு அனுப்பும் சீட்டில் வீட்டு ரகசியத்தையும் சேர்த்து எழுதிக்கொடுத்த மாதிரி. தண்டர்பேர்ட் அந்த மே மாதமே 52.8 பதிப்பில் முதல் திருத்தங்களையும், ஜூலையில் 52.9 பதிப்பில் மீதியையும் கொடுத்தது. நம்மில் பெரும்பாலானவர்கள் கடிதத்தைப் பூட்டி அனுப்புவதே இல்லை, அது வேறு விஷயம். ஆனாலும் வெளியிலிருந்து படங்களை இழுத்துவருவதை தண்டர்பேர்ட் ஏன் இயல்பிலேயே தடுத்துவைத்திருக்கிறது, ‘படங்களைக் காட்டவா?’ என்று ஏன் கேட்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்று தட்டிவிடாதீங்க.

‘நான் தெரியாத மெயிலைத் திறக்கவே மாட்டேன், எனக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 2023 மார்ச் 14-ஆம் தேதி வந்தது. அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் கணினிகளில் ஓடும் அவுட்லுக் மென்பொருளுக்கு ஒரு அவசரமான திருத்தத்தை வெளியிட்டது. குறை இருந்தது ஒரு மணியோசையில்! ‘பத்து மணிக்குக் கூட்டம்’ என்று யாராவது நாட்காட்டி அழைப்பு அனுப்பினால், நேரம் வந்ததும் அவுட்லுக் ஒரு ஓசை எழுப்பி நினைவூட்டும். எந்த ஓசை என்பதையும் அழைப்பை அனுப்புபவரே குறிப்பிட முடிந்தது. தாக்குபவர்கள், அந்த ஓசைக்கோப்பு தங்கள் சர்வரில் இருப்பதாகக் குறிப்பிட்டு அழைப்பு அனுப்பினார்கள். நினைவூட்டும் நேரம் வந்ததும் அவுட்லுக் அந்தக் கோப்பைத் தேடி அவர்கள் சர்வரின் கதவைத் தட்டியது. தட்டும்போது ‘நான் இன்னார்’ என்று, பயனரின் கடவுச்சொல்லோடு தொடர்புடைய அடையாளக் குறியீட்டையும் விண்டோஸ் தானாகவே நீட்டிவிட்டது. அதை வைத்து அந்தப் பயனராக வேறு இடங்களில் நுழைய வழி கிடைத்தது.

இதில் மெயிலைத் திறக்க வேண்டாம், இணைப்பைத் தொட வேண்டாம், முன்னோட்டம்கூடப் பார்க்க வேண்டாம். மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தாலே போதும். இந்தக் குறையைப் பற்றித் தகவல் கொடுத்தது உக்ரைன் நாட்டின் கணினி அவசரநிலைக் குழு. திருத்தம் வருவதற்கு முன்பே ஐரோப்பாவில் சில அரசு, எரிசக்தி, போக்குவரத்து, ராணுவ அமைப்புகளுக்கு எதிராக இதைப் பயன்படுத்தியிருந்தார்கள். போனில் இருக்கும் அவுட்லுக் செயலிக்கோ, உலாவியில் பார்ப்பவர்களுக்கோ இந்தக் குறை இல்லை, கணினியில் நிறுவிய விண்டோஸ் பதிப்புக்கு மட்டும்தான்.

கதை அங்கே முடியவில்லை. ஓசைக்கோப்பு வெளியிடத்தில் இருந்தால் எடுக்காதே என்பதுதான் மார்ச் மாதத் திருத்தம். ஆனால் முகவரியில் ஒரு கோட்டைக் கூடுதலாகச் சேர்த்தால், வெளியிடத்தை உள்ளிடம் என்று நினைத்து ஏமாந்துவிடுகிறது என்பதை வேறொரு பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் கண்டுபிடித்தார். மே மாதம் அதற்கும் திருத்தம் வந்தது. அது அவுட்லுக்கில் இல்லை, விண்டோஸில் வந்தது! ‘மார்ச்லயே அப்டேட் பண்ணிட்டேனே’ என்று இருந்தவர்களுக்கும் இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. மெயில் மென்பொருளை மட்டும் புதுப்பித்தால் போதாது, விண்டோஸையும் சேர்த்துப் புதுப்பிக்கணும் என்று சொல்வது இதனால்தான்.

திருத்தம் வெளியாகும் நாள் அன்றுதான் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்குத் தெரிகிறது. அப்டேட்டைத் தள்ளிப்போடும்போது இதை யாரும் யோசிப்பதில்லை என்பது என் எண்ணம். தண்டர்பேர்ட் திறந்தமூல மென்பொருள், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து ‘எந்த வரியை மாத்தியிருக்காங்க’ என்று பார்த்தாலே குறையின் இடம் பிடிபடும். நிரலை மூடிவைக்கும் நிறுவனங்களின் மென்பொருளிலும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் கூடுதல் உழைப்பு, அவ்வளவுதான். தண்டர்பேர்ட் சார்பில் குறைபற்றிய முழு விவரத்தைப் பெரும்பாலான பயனர்கள் புதுப்பிக்கும் வரை மூடிவைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அது கொஞ்ச நாள் அவகாசம்தான். நேற்று வரை இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்திருந்த திறவுகோல், இன்று தெருவில் கிடக்கிறது. புதுப்பித்தவர் வீட்டில் பூட்டு மாறிவிட்டது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றவர் வீட்டில் பழைய பூட்டு.

பதிப்பு எண்ணைப் பார்த்தே அவசரத்தை ஓரளவு ஊகிக்கலாம். 115.2.2 என்று ஒரு எண் இருந்தால், 115 என்பது தலைமுறை. நடுவில் இருக்கும் 2, ஏறத்தாழ மாதம் ஒரு முறை நகரும் வழக்கமான சுற்று. கடைசி எண் இடையில் வரும் ஒட்டு. இந்த 115.2.2 நிஜமாகவே 2023 செப்டம்பர் 12-ஆம் தேதி வந்ததுதான். வெப்-பி என்ற பட வகையைத் திறந்துகாட்டும் ஒரு நிரல்தொகுப்பில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. அதை எழுதியது கூகுள், ஆனால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் என்று கணக்கில்லாத மென்பொருள்கள் அதையே பயன்படுத்தின. செப்டம்பர் 11 அன்று குரோமுக்குத் திருத்தம், மறுநாள் ஃபயர்ஃபாக்ஸுக்கும் தண்டர்பேர்டுக்கும். அடுத்த மாதச் சுற்று வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அப்டேட்டால் கெட்டதே வராதா என்றால், வரும். மறைக்க வேண்டியதில்லை. 2021-இல் தண்டர்பேர்ட் 78.8.1 முதல் 78.10.1 வரையான பதிப்புகளில், பூட்டிய கடிதங்களைத் திறக்கும் ரகசியச் சாவியை உள்ளே சேர்த்தவர்களுக்கு, அந்தச் சாவி பாதுகாப்பு ஏதுமின்றி அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டது. முதன்மைக் கடவுச்சொல் போட்டிருந்தும் பலன் இல்லை. அதாவது புதிய பதிப்பே கொண்டுவந்த கோளாறு. 78.10.2 அதைச் சரிசெய்து, ஏற்கெனவே அப்படிக் கிடந்த சாவிகளையும் தானாகப் பூட்டியது. பெரிய தலைமுறை மாறும்போது பழைய துணைநிரல்கள் வேலை செய்யாமல் போவதும் உண்டு, 2020-இல் 78 வந்தபோது பலர் பட்டது அது. ஆகவே பெரிய மாற்றத்துக்கு ஒரு வாரம் யோசிப்பது தப்பில்லை. கடைசி எண் மட்டும் மாறும் ஒட்டுக்கு யோசிப்பதில்தான் அர்த்தம் இல்லை.

பதிப்புக் குறிப்பில் ‘கிரிட்டிகல்’, ‘ஹை’, ‘மாடரேட்’, ‘லோ’ என்று நான்கு படிநிலை பார்ப்பீங்க. ‘ஹை’ என்று பத்து வரி இருந்தால் பதற வேண்டாம். தண்டர்பேர்டின் உள்ளே இருப்பது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் இயந்திரம். அங்கே கண்ட குறைகள் எல்லாம் இங்கேயும் பட்டியலில் வரும். மெயில் படிக்கும்போது ஸ்கிரிப்ட் ஓடாதபடி தடை இருப்பதால், அவற்றில் பலவற்றை வெறும் மெயில் அனுப்பிப் பயன்படுத்த முடியாது என்று அந்தக் குறிப்பே சொல்லும். பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

சரி, செய்வது எப்படி? தண்டர்பேர்டில் மூன்று கோடு போட்ட மெனுவைத் தட்டி, ‘ஹெல்ப்’, அதற்குள் ‘அபௌட் தண்டர்பேர்ட்’. அந்தச் சின்னப் பெட்டி திறந்ததுமே தானாகத் தேடும். புதியது இருந்தால் இறக்கிவைத்துவிட்டு, மறுபடி தொடங்கச் சொல்லும். தொடங்கினால்தான் திருத்தம் வேலைக்கு வரும், இறக்கிவைத்தது மட்டும் போதாது. பல அலுவலகங்களில் மெயில் மென்பொருளை வாரக்கணக்கில் மூடுவதே இல்லை. திருத்தம் உள்ளே வந்து வாசலிலேயே காத்துக்கிடக்கும். மைக்ரோசாஃப்ட் 365-இன் வழக்கமான அவுட்லுக் என்றால் ‘ஃபைல்’, ‘ஆஃபீஸ் அக்கவுண்ட்’, ‘அப்டேட் ஆப்ஷன்ஸ்’, ‘அப்டேட் நவ்’. மைக்ரோசாஃப்டின் மாதாந்தரத் திருத்தங்கள் அமெரிக்க நேரப்படி இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். நமக்கு அது செவ்வாய் இரவு. புதன் காலையில் அலுவலகக் கணினியைத் திறக்கும்போது ஒரு முறை பார்த்துவிடுங்க. பெரிய தலைமுறைக்கு மாறும் முன் தண்டர்பேர்டின் ‘ப்ரொஃபைல்’ கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவைப்பது நல்லது. புதிய பதிப்பு தொட்ட கோப்புறையைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும், திரும்பி வர வழி அந்த நகல்தான்.

கணினியே பழசாக இருந்தால் சிக்கல் வேறு. விண்டோஸ் 7-இலும் 8.1-இலும் ஓடிய கடைசித் தலைமுறை தண்டர்பேர்ட் 115. அதற்கு அடுத்து 2024-இல் வந்த 128 அவற்றில் நிறுவவே முடியாது. அந்தக் கணினியில் ‘அப்டேட் எதுவும் இல்லை’ என்று காட்டினால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, இனிமேல் வராது என்று அர்த்தம். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதுக் கணினிக்கு வழியில்லை என்றால், மெயிலை மட்டுமாவது அதில் பார்க்காமல் போனில் பாருங்க. அல்லது அதே கணினியில் லினக்ஸ் நிறுவித்தரத் தெரிந்தவரைக் கேளுங்க. செலவு இல்லாத வழி அது.

போனில் மட்டுமே மெயில் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கணினியில் இருந்த தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. நம்ம ஊரில் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வைஃபை கிடைக்கும்போது மட்டும் செயலிகளைப் புதுப்பி என்று பல போன்களில் பிளே ஸ்டோர் அமைந்திருக்கும். வீட்டில் வைஃபையே இல்லாதவர் போனில் அந்த நேரம் எப்போது வரும்? பிளே ஸ்டோரில் உங்க படத்தைத் தட்டி, ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’ போய்ப் பாருங்க. வரிசையாக நிற்கும். எல்லாத்துக்கும் டேட்டா செலவழிக்க மனசு வரவில்லை என்றால் மெயில் செயலி, உலாவி, வங்கிச் செயலி இந்த மூன்றையாவது புதுப்பியுங்க. போனில் இடம் நிரம்பியிருந்தாலும் அப்டேட் நின்றுபோகும். காலை வணக்க வீடியோக்களைக் கொஞ்சம் அழித்தால் இடம் வரும்.

அப்டேட் முக்கியம் என்று நாம் சொல்லச் சொல்ல, அதையே தூண்டிலாக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ‘உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, புதுப்பிக்க இங்கே அழுத்தவும்’ என்று ஒரு மெயில். ‘இந்தச் செயலியின் புதிய பதிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு. எந்த மென்பொருள் நிறுவனமும் திருத்தத்தை மெயிலில் இணைத்தோ வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவதில்லை. அது மென்பொருளின் உள்ளேயிருந்தோ, பிளே ஸ்டோரிலிருந்தோ, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோதான் வரும். வேறு எந்த வழியில் வந்தாலும் அழித்துவிடுங்க.

அடுத்தவர் கணினியை நாம் புதுப்பிக்க முடியாது. அங்கே போவதைக் குறைத்துக்கொள்ள முடியும். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் தளத்திலிருந்தே இறக்கி அனுப்பலாம், ஏற்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க. உங்க ஆடிட்டரிடம் ‘சார், வேலை முடிஞ்சதும் என் பேப்பர்ஸ மெயில்ல இருந்து எடுத்துடுங்க’ என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

மென்பொருள் குறைகளைப் பற்றிய எச்சரிக்கைகளை இந்தியாவில் வெளியிடுவது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு. மெயில் கணக்கு பறிபோய்விட்டதாகச் சந்தேகம் வந்தால், வேறொரு நல்ல கருவியிலிருந்து முதலில் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற கருவிகளில் திறந்திருக்கும் நுழைவுகளை எல்லாம் வெளியேற்றுங்க. பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீங்களோ, பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். சந்தேகத்துக்குரிய அந்த மெயிலை மட்டும் அழித்துவிடாதீங்க, புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.